ஈய ஜிக்குக்கு எந்தப் பூச்சு: பவுடரா, வினைலா, நகப்பூச்சா?

ஜிக் என்பது தூண்டில் முள்ளைச் சுற்றி ஈயத்தலை வார்த்த மீன்பிடி இரை. வீட்டில் வார்த்த ஜிக் தலை பாறையில் நாலு முறை இடித்ததும் நிறம் உதிர்ந்தால், எல்லாரும் பெயின்ட்டைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கிறது: ஈயத்தின் மேல் படிந்த சாம்பல்நிற ஆக்சைடும் விரல் எண்ணெயும். எந்தப் பூச்சானாலும் முதல் வேலை ஒன்றுதான். ஈயம் ஊற்றிய வாயில் நிற்கும் வார்ப்பு வாலையும் அச்சு விளிம்பில் பிதுங்கிய மெல்லிய தகட்டையும் கட்டரால் நறுக்குங்கள். மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். அரம் போடுவதானால் ஈரத்தோடு போடுங்கள். உலர்ந்த உப்புத்தாள் ஈயத்தூளைக் காற்றில் பறக்கவிடும். பிறகு அசிட்டோன் துணியால் துடைத்து, கையுறையோடு எடுத்து, அன்றே பூசிவிடுங்கள். சிலர் வினிகரில் ஊறவைக்கிறார்கள். ஆக்சைடு கரையும், ஆனால் நச்சான ஈய அசிடேட்டாகக் கரையும். அந்த நீரைக் கொட்ட நல்ல இடமே கிடையாது.

பவுடர் பெயின்ட்

பாறையும் கல்லும் உள்ள நீருக்கு இதுதான் என் தேர்வு. ஜிக்கை முள்ளில் பிடித்து, ஹீட் கன்னால் (சூடான காற்று வீசும் கருவி) ஈயத்தை மட்டும் சூடாக்கி, பவுடரில் ஓரிரு நொடி ஆட்டி எடுக்க வேண்டும். மெழுகுவத்தி கரி படியவைக்கும். ஸ்பிரிட் விளக்கு பரவாயில்லை. சூடு சரியாக இருந்தால் வெளியே எடுத்த உடனே பவுடர் உருகிப் பளபளக்கும். மணல் மாதிரி சொரசொரப்பாக நின்றால் சூடு போதவில்லை. சற்றுக் காட்டினால் உருகிவிடும். வழிந்து அடியில் துளியாகத் தொங்கினால் சூடு மிஞ்சிவிட்டது.

பவுடர் கட்டிபட்டுக் கிடந்தால் பூச்சு தடிக்கும், தூண்டில் நரம்பு கட்டும் வளையமும் அடைபடும். மீன்தொட்டிக் காற்றுப் பம்பால் அடியிலிருந்து காற்று விட்டுப் பவுடரை மிதக்க வைத்தால் மெல்லிய சீரான பூச்சு கிடைக்கும். பம்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் குச்சியால் கிளறுங்கள். வளையத்தைப் பூச்சு இளகியிருக்கும்போதே ஊசியால் திறந்துவிட வேண்டும். வெந்தபின் குத்தினால் சுற்றிலும் சில்லு பெயரும்.

பலரும் விடுவது அடுத்த படியை. பளபளப்பைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சுமார் 175 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் அவனில் (oven, சூட்டடுப்பு) தொங்கவிட்டு வேகவைத்தால்தான் பவுடர் இறுகும். வேகாத பூச்சு கல்லில் பட்டதும் உடையும். அவனின் திருகைக் கண்மூடி நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். அந்த அவனில் அதன்பிறகு உணவு சமைக்கக் கூடாது. வேகும்போது ஊசித்துளைகள் வந்தால், வார்ப்புக்குள் சிக்கிய காற்று வெளியேறுகிறது என்று பொருள். அடுத்த தொகுதியைப் பூசும் முன் வெறும் ஈயமாக ஒருமுறை சுட்டுவிடுங்கள். ஜிக்கைச் சுற்றித் தொங்கும் சிலிகான் பாவாடை, முள் களையில் சிக்காமல் காக்கும் களைத்தடுப்பு நார் எல்லாம் அவனுக்குப் பிறகே.

ஓர் எச்சரிக்கை: ஈயம் 327 டிகிரியில்தான் உருகும், அதற்கு அவனில் ஆபத்தில்லை. ஈயத்துக்கு மாற்றாக வரும் பிஸ்மத்-வெள்ளீயக் கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்குப் பவுடர் அவன் வேலையே வேண்டாம்.

வினைல் பெயின்ட்

பிஸ்மத்-வெள்ளீயக் கலவைக்கும், பத்துப் பதினைந்து ஜிக் மட்டும் செய்பவருக்கும் வினைல் பொருந்தும். சூடு தேவையில்லை. மெதுவாக முக்கி மெதுவாகத் தூக்கி, அடியில் சேரும் துளியைத் தாளில் ஒற்றிவிட்டுத் தொங்கவிடுங்கள். முதலில் வெள்ளை, அதன்மேல் இரண்டு மெல்லிய பூச்சு. வெள்ளை அடி இல்லாமல் ஒளிரும் நிறங்கள் ஈயத்தின் மேல் மங்கிப்போகும். பவுடருக்கும் இதே விதிதான். இரண்டு நிறம் சேர்ப்பது வினைலில் எளிது, ஆனால் கல்லடியில் வெந்த பவுடர் அளவுக்குத் தாங்காது. டப்பா திறந்தே கிடந்தால் பெயின்ட் கெட்டியாகி நூலிழுக்கும். அதற்குரிய தின்னரை மட்டும் சில துளி விடுங்கள். கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் விளக்கோ ஹீட் கன்னோ எரியும் மேசையில் இந்த டப்பாவைத் திறக்கவே கூடாது.

நகப்பூச்சு

கண் புள்ளி வைக்க அருமை, முழுத் தலைக்கு வீண். சீக்கிரம் சில்லாகப் பெயரும். முள்ளில் இரையாக மாட்டும் ரப்பர் புழுக்களிலுள்ள மென்மையூட்டும் எண்ணெய் அதை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். மேலே எபாக்சி (இரு பாகம் கலந்து இறுகும் பிசின்) பூசிக் காக்கலாம். இரு பாகத்தையும் டப்பாவில் குறித்த அளவில் துல்லியமாகக் கலக்காவிட்டால் அது இறுகாமல் கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். எந்தப் பூச்சு போட்டாலும் ரப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் அடைக்கும் முன், ஒரு ஜிக்கைப் புழுவோடு சேர்த்து ஒரு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.