குட்டை வீல்பேஸ் எஸ்யூவிக்குப் பின்னால் எந்த முகாம் டிரெய்லர்?

டிஃபெண்டர் 90-இன் வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம், 2,587 மி.மீ. பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்கிறது லேண்ட் ரோவர். இரண்டு கதவு ஜீப் ராங்லர் அதைவிட ஒரு சாண்கூடக் குட்டை இல்லை. ஆனால் வட அமெரிக்கக் கணக்கில் அதற்கு 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோதான். மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மி.மீ.; ஐரோப்பாவில் 1,300 கிலோ. இந்த எண்களை மட்டும் நம்பி, படுத்துறங்கும் முகாம் டிரெய்லர் தேடக் கூடாது. எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கேள்வி; இழுக்கும்போது நேராகப் போகுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை வீல்பேஸிலும், பின் ஆக்சிலிலிருந்து ஹிட்ச் பந்து (டிரெய்லரை மாட்டும் குமிழ்) வரையுள்ள நீட்டத்திலும் இருக்கிறது.

கணக்கு எளிது. பந்தின் மேல் இறங்கும் எடையை, அதாவது டங் வெயிட்டை, நீட்டத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால், முன் ஆக்சில் இழக்கும் எடை வரும். டங் வெயிட் 150 கிலோ, நீட்டம் 1.1 மீட்டர், வீல்பேஸ் 2.46 மீட்டர் என்றால் முன்னால் 67 கிலோ குறைகிறது, பின் ஆக்சிலில் 217 கிலோ ஏறுகிறது. வீல்பேஸ் 3 மீட்டராக இருந்தால் முன்னால் 55 கிலோதான் குறையும். பக்கவாட்டு உதைக்கும் இதே நெம்புகோல் கணக்குதான்: டிரெய்லர் வாலாட்டினால் குட்டை வண்டியின் பின்பக்கத்தை எளிதாகத் தள்ளிவிடும்.

வட அமெரிக்காவில் ஒரு கைக்கணக்கு புழங்குகிறது: 110 அங்குல வீல்பேஸுக்கு 20 அடி டிரெய்லர், அதற்குமேல் ஒவ்வொரு 4 அங்குலத்துக்கும் ஓர் அடி. இது சட்டம் இல்லை, பொறியியல் சூத்திரமும் இல்லை. ஆனாலும் அதே விகிதத்தில் கீழே இறங்கினால் இரண்டு கதவு ராங்லரின் 96.8 அங்குலத்துக்கு 16 அடி சொச்சம் வருகிறது. மோசமான தொடக்கப் புள்ளி அல்ல.

டியர்டிராப்

கண்ணீர்த்துளி வடிவில் தாழ்வாக இருக்கும் சின்ன டிரெய்லர்; சாமான்களோடு பொதுவாக 500 முதல் 800 கிலோ. எஸ்யூவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் காற்றுத் தடை பெரிதாக அதிகரிக்காது. ராங்லருக்கு மனநிம்மதியோடு சொல்லக்கூடியது இதுதான். இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது.

இதில் பலர் கவனிக்காத குறை, சமையலறை பின்பக்கம் இருப்பது. அடுப்பு, ஐஸ்பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் ஆக்சிலுக்குப் பின்னால் போய் உட்கார, டங் வெயிட் கரைந்துவிடுகிறது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் 5 முதல் 7 சதவீதம், கூடவே குறைந்த வேக வரம்பு. அதற்கும் கீழே போனால் சின்ன டிரெய்லரும் ஆட்டம் போடும். ஐஸ்பெட்டியை வண்டிக்குள்ளும், பேட்டரியையும் தண்ணீரையும் டிரெய்லரின் முன்மூக்கிலும் வைப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

இன்னொன்று, பின்னோக்கி எடுப்பது. டிரெய்லர் கண்ணாடியில் தெரியவே தெரியாது; தெரியும்போது மடங்கியிருக்கும். குட்டை வண்டியும் குட்டை டிரெய்லரும் சேர்ந்தால் ஸ்டியரிங்குக்கு உடனே பதில் சொல்லும்.

மடக்கு டிரெய்லர்

குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குக் குட்டை எஸ்யூவியோடு ஒத்துப்போவது இதுதான் என்பது என் கட்சி. ஓடும்போது தாழ்வு, நிறுத்தி விரித்தால் நான்கு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்கலாம். துணிச் சுவர் வகையில் இதற்குக் கொடுக்கும் விலை: மழையில் நனைந்த துணியை மடித்து அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும், வீடு திரும்பியதும் விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். கூரையைத் தூக்கும் கேபிள் தேய்ந்து அறுவதும் பழைய டிரெய்லர்களில் வழக்கம். வாங்குமுன் நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். முக்கோணக் கூரையுள்ள கடினச் சுவர் வகை சில நிமிடங்களில் நிற்கும், துணித் தொல்லை இல்லை, ஆனால் இடம் இரண்டு மூன்று பேருக்குத்தான்.

ஜிம்னியின் எடையே சுமார் 1,100 கிலோ. வண்டி எடையில் 85 சதவீதத்துக்குள் இழுப்பது நல்லது என்ற ஐரோப்பிய அறிவுரைப்படி 935 கிலோ. இலகுவான மடக்கு டிரெய்லர் அதற்குள் அடங்கும்.

ஃபைபர்கிளாஸ் முட்டை

முட்டை வடிவ ஓடுள்ள ஸ்கேம்ப் போன்ற 13 அடி டிரெய்லர்கள் காலியாக 550 முதல் 700 கிலோ. வார்ப்பு ஓடு என்பதால் மூட்டுகள் குறைவு, ஒழுகலும் குறைவு, பழையதுக்கும் விலை விழாது. ஆனால் ராங்லருக்கு இது இழுபறி. காலி எடை 650 என்று வைத்தால் பேட்டரி, கேஸ் சிலிண்டர், 45 லிட்டர் தண்ணீர், துணிமணி, பாத்திரம் சேர்ந்து 850-ஐத் தொடும். வரம்பில் 80 சதவீதத்தோடு நிறுத்தினால் 725 தான் வருகிறது. டிஃபெண்டருக்கோ இந்த எடை தூசு. அது 16, 17 அடி முட்டையைக்கூடத் தயங்காமல் எடுக்கும்.

துணிப் படுக்கை வெளியே நீளும் ஹைப்ரிட் வகையைக் குட்டை வண்டிக்காரர்கள் மறந்துவிடலாம்: முழு உயரக் காற்றுத் தடையும் உண்டு, துணித் தொல்லையும் உண்டு. இரட்டை ஆக்சில் 20 அடி டிரெய்லர் தன்னளவில் ஆடாமல் போகும்தான். ஆனால் 2,000 கிலோவுக்குமேல் உள்ள அந்தச் சுவரின் மேல் பக்கக் காற்று அடித்தால், எடை வரம்புக்குள் இருந்தாலும் டிஃபெண்டர் 90-க்கே அது சுகமான பயணம் அல்ல. பல வண்டிகளின் கையேட்டில் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் வரம்பு உண்டு, பாருங்கள்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

டங் வெயிட்டை வீட்டுத் தராசிலேயே எடுக்கலாம். ஒரு பலமான கட்டையின் ஒரு முனையைச் செங்கல் மேல் வைத்த குழாயிலும், மறுமுனையைத் தராசு மேல் வைத்த இன்னொரு குழாயிலும் தாங்க விடுங்கள். குழாய்களுக்கு இடையே மூன்று அடி, கட்டை மட்டமாக இருக்கட்டும். செங்கல் பக்கத்திலிருந்து ஓர் அடியில் டிரெய்லரின் ஜாக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். சாமான் ஏற்றியபின், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

பின்கதவைத் திறந்து பாருங்கள். ராங்லரிலும் ஜிம்னியிலும் ஸ்டெப்னியோடு பக்கவாட்டில் திறக்கும் கதவு டிரெய்லரின் ஜாக்கில் போய் இடிக்கும். இதற்காக நீளமான ஹிட்ச் கம்பி மாட்டுவது தவறு: 30 செ.மீ. கூடினால், மேலே சொன்ன கணக்கில் முன் ஆக்சில் இழப்பு 67-லிருந்து 85 கிலோவாகிவிடும். மடங்கும் ஜாக்கோ கழற்றி வைக்கும் ஜாக்கோ போட்டால் போதும்.

பின்பக்கம் அமுங்குகிறதே என்று ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்தால் உயரம் மீளும், முன் ஆக்சில் எடை மீளாது. அதை மீட்பது எடை பகிரும் ஹிட்ச்தான். அதற்கு வண்டியின் கையேடு அனுமதி தர வேண்டும்.

ஐரோப்பாவில் 750 கிலோ வரை டிரெய்லருக்குப் பிரேக் இல்லாமல் ஓட்டலாம் என்றாலும், வண்டியின் பிரேக்கில்லா வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். மின் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 7 பின் மின் இணைப்பும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரும் வேண்டும்; செலவில் அதையும் சேருங்கள். ஆட்டம் தொடங்கினால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடிக்க வேண்டும்.