நிறை எழுதினால் போதுமா? உடற்பருமன் கவனிப்பை அளக்கும் மூன்று வழிகள்

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியைப் போன கிழமை புரட்டிப் பார்த்தேன். 62, 63, 64. மூன்று முறையும் நிறையை எழுதிவிட்டு, பக்கத்தில் "நிறையைக் குறைக்கவும்" என்று ஒரே வரி. எவ்வளவு, எப்படி, அடுத்து எப்போது வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இந்தக் கவனிப்பு நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

முதல் வழி, பதிவை எண்ணுவது. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களுக்கான ஊக்கத்தொகைத் திட்டத்தில் 2006இல் இது சேர்ந்தது: உடற்பருமன் உள்ளவர்களின் பதிவேடு வைத்திருந்தாலே புள்ளி. எண்ணுவதற்குச் சுலபம். ஆனால் பெரியம்மாவின் கொப்பிகூட இந்தப் பரீட்சையில் பாஸாகிவிடும், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்த அளவிலிருந்து உடற்பருமன் என்று கோடு போடுவது என்பதும் சிக்கல். 150 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அவருடைய பிஎம்ஐ, அதாவது நிறையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் எண், 28.4. கோடு 30 என்றால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆசியர்களுக்குக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தம் வந்துவிடுவதால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23, 27.5 என்ற பிஎம்ஐ அளவுகளையும் சேர்த்தது. இடுப்பளவும் பார்க்க வேண்டும். தெற்காசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் என்பது எல்லை. ஒரு தையல் ரேப் இருந்தால் போதும். கொப்பியில் இடுப்பளவே இல்லை.

இரண்டாவது வழி, பலனை எண்ணுவது: எத்தனை பேர் நிறையை 5 வீதம் குறைத்தார்கள்? பெரியம்மாவுக்கு அது 3.2 கிலோ. சின்ன விஷயம் இல்லை. 7 வீதத்தை இலக்காக வைத்த அமெரிக்க ஆய்வில் (2002) சீனி வருத்தம் வருவது 58 வீதம் குறைந்தது. ஆனாலும் இதை வைத்து கிளினிக்குகளுக்குப் புள்ளி போடுவது அநியாயம். காலையில் சுதந்திர சதுக்கத்தில் நடக்கப் போகிறவரும், கொட்டாஞ்சேனையில் விடிய முதல் வேலைக்கு ஓடுகிறவரும் ஒன்றா? கஷ்டமான ஆட்களை மெல்லத் தட்டிக்கழிக்கவும் இது வழி செய்யும். அப்புறம், சீனி கட்டுப்பாடில்லாமல் ஏறி மெலிந்தவரும் வெற்றிக் கணக்கில் விழுந்துவிடுவார்!

மூன்றாவது, என்ன செய்தார்கள் என்று பார்ப்பது. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்தார்களா? முழங்கால் நோவு, குறட்டை, தூக்கம் பற்றிக் கேட்டார்களா? தடித்த கைக்குப் பெரிய பிரஷர் பட்டி இருக்கிறதா? சின்னதைக் கட்டினால் பிரஷர் கூடக் காட்டும், வேண்டாத மாத்திரை சேரும். முக்கியமாக, திரும்ப வந்தார்களா? அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018இல் பரிந்துரைத்த தீவிர ஆலோசனைத் திட்டங்களில் பெரும்பாலானவை முதல் வருடத்திலேயே 12 அல்லது அதற்கு மேற்பட்ட சந்திப்புகள் கொண்டவை. பெரியம்மா மூன்று தடவைதான் போனார். கடைசி முறை, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க "சாப்பாட்டைக் குறையுங்கோ அம்மா" என்றார்களாம். அதோடு ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மரியாதையாக நடத்தினார்களா என்று நோயாளியைக் கேட்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். பலனையும் பார்க்கலாம், ஆனால் அதே கிளினிக்கின் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டு. நம் நாட்டில் 2011இல் தொடங்கிய, சீனி, பிரஷர் போன்றவற்றைப் பரிசோதிக்கும் அரச ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் வந்தவர்களை எண்ணுவதோடு திரும்பி வந்தவர்களையும் எண்ண வேண்டும். அடுத்த முறை பெரியம்மாவோடு நானும் போகிறேன். இடுப்பளவையும் அடுத்த திகதியையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன்.