தேன்பெட்டிக்கு எது காவல்: நாலு சிரட்டையா, ஒற்றைக் குழாயா?

புறவாசலில் தேன்பெட்டி வைக்கும் நம்ம ஊர்க்காரர்கள் முதலில் செய்வது, எறும்பு ஏறாமலிருக்க ஸ்டூலின் நாலு காலுக்கும் சிரட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றுவது. செலவே இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்குச் சிரட்டைத் தண்ணீர் ஒரு நாள்தான் தாங்கும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பையனிடம் ஊற்றச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தால், ஒரு காலில் மட்டும் எறும்புச் சாரை. ஒவ்வொன்றின் வாயிலும் பால் வெள்ளையாய்த் தேனீப் புழு. பெட்டிக்குள் மெழுகு அடை இருந்தது, தேனீ ஒன்றுகூட இல்லை. “மூணுல ஊத்துனேன் மாமா, நாலாவது சுவரோரம்லா இருக்கு, கண்ணுல படல” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டியில் வளர்க்கும் நம்ம அடுக்குத் தேனீ எறும்போடு ரொம்ப நாள் மல்லுக்கு நிற்காது, கூட்டோடு கிளம்பிவிடும்.

ஸ்டூல் காலில் கிரீஸ் தடவினால் முதல் வாரம் எறும்பு அண்டாது. செம்மண் தூசி படிந்து மேலே தோல் கட்டியதும் அதன்மேலேயே நடந்து போகும். தாழப் பறந்த ஈ அதில் ஒட்டித் துடித்ததைப் பார்த்த அன்றே நான் அதை விட்டேன். பெட்டியை மாமரத்தில் தொங்கவிட்டால் ஆடிக் காற்றில் புது அடை அறுந்து விழும், கயிறு வழியே மரத்துச் செவ்வெறும்பான முசுறும் இறங்கும்.

ஒற்றை இரும்புக் குழாய்தான் என் தேர்வு. ஒன்றரையடி காங்கிரீட்டுக்குள், மூன்றடி வெளியே, உச்சியில் பெட்டி உட்காரத் தகடு. அடியில் குழாயைச் சுற்றி ஒரு சிமெண்ட் தொட்டி. நாலு தண்ணீரைக் கவனித்த இடத்தில் ஒன்றைக் கவனித்தால் போதும். பாதி உயரத்தில் கவிழ்த்த புனல்போலத் தகரம் அடித்திருக்கிறேன். தொட்டியில் வேப்பிலை விழுந்து எறும்புக்குப் பாலம் ஆகாது, வெயில் நேரே படாது, எலியும் ஓணானும் அதைத் தாண்டாது. வெல்டிங் கூலி ஒரே தடவைதான்.

பறந்து வந்து அடையில் முட்டையிடும் மெழுகுப் பூச்சிக்குக் குழாயும் ஒன்றுதான், சிரட்டையும் ஒன்றுதான். அடிப்பலகையை வாரம் ஒருமுறை சுரண்டி, ஈ மொய்க்காத பழைய அடையை எடுத்துவிட வேண்டும். கதண்டுக் குளவி வந்தால் வாசலைச் சிறிதாக்க வேண்டும். கரண்டுக் கம்பியில் உட்காரும் பஞ்சுருட்டான் குருவியை நான் விரட்டுவதில்லை, கூட்டம் பலமாக இருந்தால் அது தின்பது ஒரு பொருட்டில்லை.

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம்போல மலையை ஒட்டி இருப்பவர்களுக்குக் குழாயை நான் சொல்லமாட்டேன். கரடி அதைச் சாய்த்துவிடும். அவர்களுக்கு மொட்டைமாடிதான், மேலே ஓலை நிழல், படிக்கதவுக்குப் பூட்டு. ஆனால் கீழேயிருந்த பெட்டியை நேரே மாடிக்குத் தூக்கினால் வேலைக்குப் போன ஈ பழைய இடத்துக்கே வந்து சுற்றும். ராத்திரி வாசலை வலையால் அடைத்து, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு சொந்தக்காரர் தோட்டத்தில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, பிறகு மாடியில் ஏற்றுங்கள்.