மருத்துவ விடுப்பா, சொந்த விடுப்பா, ராஜினாமாவா: ஆதரவில்லாத அலுவலகத்தில் மனப்பதற்றத்தோடு இருப்பவர்களுக்கு

வேலை அழுத்தம் தூக்கத்தையும் செரிமானத்தையும் கெடுத்து, காலையில் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கவே கை தயங்கும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலாளரிடம் சொன்னால் "எல்லோருக்கும்தான் டென்ஷன் இருக்கிறது" என்கிறார். மனிதவளத் துறையும் அதையே சற்று மென்மையான சொற்களில் சொல்கிறது. அத்தகைய இடத்தில் அவருக்கு மூன்று வழிகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் தொடர்ச்சியாக விடுப்பு எடுக்கலாம். உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் தன் கணக்கில் இருக்கும் சொந்த விடுப்பை அவ்வப்போது எடுத்துச் சமாளிக்கலாம். அல்லது வேலையை விட்டுவிடலாம். மூன்றையும் எடைபோட்டு முதல் வழியில் சென்றவன் என்பதால், நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை வாசகர் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது.

வருமானத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. சொந்த விடுப்பில் பெரும்பாலும் முழுச் சம்பளம் வரும், ஆனால் இருப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். மருத்துவ விடுப்பில் சம்பளம் முழுதாகவோ பாதியாகவோ வரலாம், சில ஒப்பந்தங்களில் வராமலும் போகலாம். ராஜினாமாவுக்குப் பின் நின்றுவிடும். பணி ஒப்பந்தத்தையும் விடுப்பு விதிகளையும் ஒருமுறை பொறுமையாகப் படித்தால் இது தெளிவாகிவிடும். சக ஊழியர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையையும் இங்கேயே முடித்துவிடலாம். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவ்வளவு பரவலான ஒன்றுக்கு ஒருவர் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

சொந்த விடுப்புக்கு ஒரு கவர்ச்சி உண்டு. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாளும் அடுத்த வாரம் திங்களும் செவ்வாயும் என்று எடுத்தால் மூச்சுவிட முடிகிறது. அழுத்தம் ஒரு குறிப்பிட்ட வேலை முடியும்வரை மட்டுமே இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதுமானது. ஆனால் பதற்றம் மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் ஓரிரு நாள் விடுப்பு சிகிச்சையின் கால அளவோடு ஒத்துப்போவதில்லை. பதற்றத்திற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் பலன் தரத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் ஆகும். முதல் ஓரிரு வாரங்களில் படபடப்பும் தூக்கமின்மையும் கூடுவதும் உண்டு. சி.பி.டி. என்னும் பேச்சுவழிச் சிகிச்சையும் வாரத்திற்கு ஓர் அமர்வு என்ற கணக்கில் மாதக்கணக்காக நீளக்கூடியது. மருந்தின் தொடக்கக்காலத் தொல்லையை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி கடக்க நேர்ந்தவர், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிப் பாதியில் நிறுத்திவிடும் வாய்ப்பு அதிகம்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, என் தேர்வைத் தீர்மானித்தது உடல்நலத்தைவிட ஆவணம்தான். இப்படிச் சொல்வது சிலருக்கு வறட்சியாகத் தோன்றலாம். ஆதரவான அலுவலகத்தில் ஆவணம் பெரிய விஷயமில்லை. அங்கே மேலாளரின் நினைவும் நல்லெண்ணமும் போதும். ஆதரவில்லாத இடத்தில் எதிர்காலத்தில் வரப்போகும் ஒவ்வொரு கேள்விக்கும் தேதியிட்ட காகிதம் ஒன்றுதான் பதில் சொல்லும். சொந்த விடுப்பு அப்படி எதையும் விட்டுச்செல்வதில்லை. ஆறு மாதம் கழித்து ஆண்டு மதிப்பீட்டில் "வேலையில் ஈடுபாடு குறைந்துவிட்டது" என்று எழுதப்படும்போது, அந்தக் காலத்தில் நோயுற்றிருந்ததைக் காட்ட, சொந்த விடுப்பு எடுத்தவரிடம் எதுவும் இருக்காது. விடுப்புப் பதிவேட்டில் அவர் உல்லாசமாக ஊர் சுற்றிவந்தவரைப் போலவே தெரிவார்.

மருத்துவச் சான்று இந்த நிலையை மாற்றுகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டின் 158ஆம் எண் உடன்படிக்கை, நோயால் தற்காலிகமாக வேலைக்கு வராதிருப்பது பணிநீக்கத்திற்கு ஏற்ற காரணமாகாது என்று 6ஆம் பிரிவில் சொல்கிறது. எப்போது மருத்துவச் சான்று வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் முறைக்கு விட்டுவிடுகிறது. எல்லா நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை, ஏற்ற நாடுகளிலும் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே இதை ஒரு கவசம் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ஆனாலும் நோய், இல்லாதிருந்த நாட்கள், சான்று ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பாதுகாப்பு பற்றிய பேச்சே தொடங்குகிறது என்பது அந்த வாசகத்தைப் படித்தாலே விளங்கும்.

சான்றில் என்ன எழுதப்படுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'பர்ன் அவுட்' எனப்படும் பணிச்சோர்வு, வேலை சார்ந்த ஒரு நிகழ்வாகக் குறிக்கப்பட்டிருக்கிறதே தவிர, நோயாக வகைப்படுத்தப்படவில்லை. பதற்றக் கோளாறுகளும், வாழ்வில் நேர்ந்த ஒரு நெருக்கடியை ஒட்டி எழும் தகவமைவுக் கோளாறும் அதே பட்டியலில் நோய்களாகவே இடம்பெற்றுள்ளன. வெறுமனே "பணிச்சோர்வு" என்று எழுதப்பட்ட காகிதத்தைப் பார்த்து, யாருக்குத்தான் சோர்வில்லை என்று கேட்பது மனிதவளத் துறைக்கு எளிது. அறியப்பட்ட ஒரு நோயின் பெயரைப் பார்த்து அப்படிக் கேட்பது கடினம். இதற்காக மருத்துவரிடம் இன்ன பெயரை எழுதுங்கள் என்று கேட்பது முறையன்று. தூக்கம், நெஞ்சுப் படபடப்பு, கவனச் சிதறல், இவை தொடங்கிய காலம், வேலையில் அப்போது ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றை மறைக்காமல் சொன்னால், அவர் தகுந்ததை எழுதுவார். அந்தரங்கம் கருதி நோயின் பெயர் வேண்டாம் என்று நினைப்பவர்கள், "உடல்நலக் காரணங்களால் இத்தனை நாள் பணி செய்ய இயலாது" என்ற பொதுவான சான்றே அலுவலக விதிப்படி செல்லுமா என்று முன்னதாகப் பார்த்துக்கொண்டு, முழு விவரமுள்ள குறிப்பை மருத்துவரின் கோப்பிலேயே இருக்கவிடலாம். நான் பின்னதைத்தான் செய்தேன். எது சிறந்தது என்பது, அலுவலகத்தில் அந்தக் காகிதம் எத்தனை பேர் கைக்குப் போகும் என்பதைப் பொறுத்தது.

விடுப்புக் கடிதமும் சுருக்கமாக இருக்கட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, சான்று இணைப்பு, அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பவை போதும். மேலாளர் மீதுள்ள மனக்குறையை அதே கடிதத்தில் கொட்டினால் விடுப்புக் கோரிக்கை புகாராக மாறி, இரண்டும் நிராகரிக்கப்படும். புகார் இருந்தால் அது தனிக் கடிதமாகவே போக வேண்டும். தொலைபேசியில் "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால், அன்றே அந்த உரையாடலைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது. விடுப்பில் இருக்கும்போது "ஒரே ஒரு சந்தேகம்" என்று வரும் அழைப்புகளுக்கு விடை சொல்லிக்கொண்டே இருந்தால், வேலை செய்ய இயலாது என்ற சான்றை நாமே பொய்யாக்கியவர்களாவோம்.

மருத்துவ விடுப்பின் குறையையும் மறைக்கக் கூடாது. பதற்றம் தவிர்ப்பால் வளரும் இயல்புடையது. எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதிலிருந்து விலகினால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை விலகுவதற்கான தூண்டுதலாகி, அச்சத்தை மேலும் பெரிதாக்குகிறது. எனவே திரும்பும் நாளைப் பற்றி ஏதும் பேசாமல் விடுப்பை நீட்டிக்கொண்டே போவது, முதல் சில வாரங்களில் கிடைத்த நன்மையைத் தின்றுவிடும். விடுப்பின் பிற்பாதியில் மருத்துவருடன் சேர்ந்து திரும்பும் முறையை வகுப்பதும், குறைந்த நேரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம் என்பதைச் சான்றிலேயே எழுதி வாங்குவதும் பயன் தரும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும் பணிக்குத் திரும்புவதற்கான ஏற்பாட்டையும் சிகிச்சையையும் சேர்த்தே பேசுகின்றன. அலுவலகம் மறுத்தால் மறுக்கட்டும். மறுத்ததும் எழுத்தில் இருக்கும்.

திரும்பிய பிறகு அலுவலகம் மாறியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேலைப் பளு அதிகமாகவும் அதன் மீதான கட்டுப்பாடு குறைவாகவும் இருக்கும் இடத்தில் மன அழுத்தம் மிகும் என்று பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இலேயே எழுதினார். விடுப்பு இவ்விரண்டில் எதையும் தொடுவதில்லை. வெளியே நின்று தெளிவாக யோசிக்கும் கால அவகாசத்தை மட்டும் தருகிறது. என் விஷயத்திலும் மேலாளரின் பேச்சில் பெரிய மாற்றம் இல்லை. எந்த வேலையை ஏற்பது, எதை எழுத்தில் கேட்பது என்பதில் எனக்கு உறுதி வந்திருந்தது, அவ்வளவுதான்.

ராஜினாமாவை நான் செய்து பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றி அடக்கமாகவே பேச முடியும். மிரட்டல், பாலியல் தொல்லை, கைகலப்பு போன்றவை நடக்கும் இடத்திலிருந்து வெளியேறுவதே முதன்மை. அங்கே ஆவணத்தைப் பற்றிய என் வாதம் இரண்டாம் இடத்திற்குப் போய்விடும். சான்றைக் கொடுத்தாலே மறுநாள் வேலை போகும் என்ற நிலையில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், நாலைந்து பேர் மட்டும் உள்ள சிறு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் நான் எழுதியது எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

மற்றவர்கள் வேலையை விடுவதென்றே முடிவெடுத்தாலும் வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது: முதலில் மருத்துவரைப் பார்ப்பது, பிறகு விடுப்பு, அதன் பின்னரே ராஜினாமா. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது எழுதப்படும் ராஜினாமா, ஓரிரு வாரம் நன்றாகத் தூங்கிய பின் எழுதப்படுவதைப் போல இருக்காது. அதைத் திரும்பப் பெறவும் பெரும்பாலும் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அலுவலகத்தின் மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை பெறுபவர்கள், கடைசி வேலை நாளோடு அந்தக் காப்பீடு முடிகிறதா என்று பார்த்த பிறகே தேதியைக் குறிப்பிட வேண்டும்.