காய்ச்சல் 102, ஓடிபி வரவில்லை

ஐந்து மாதக் கைக்குழந்தையோடு மூன்று வாரம் மும்பை மாட்டுங்காவில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு இங்கிலாந்தில் ரெடிங் திரும்பி நாலு நாள் ஆகிறது. விமானம், குழந்தையின் விசா, ஆஸ்திக சமாஜக் கோயில், மாமா வீட்டு விருந்து எல்லாம் நன்றாகவே நடந்தன. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு கவுண்டரைப் பற்றி.

மத்திய மும்பையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டிசம்பர் கடைசி வாரம், காலை பத்தரை மணி. என் வலது மார்பில் தேங்காய்ப் பத்தை மாதிரி ஒரு துண்டு மட்டும் சிவந்து, கல்லாகி, தொட்டால் சுடுகிறது. உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி, நடு வெயிலில் குளிர் நடுக்கம். நான் கொண்டுபோன தெர்மாமீட்டர் செல்சியஸில் 39.1 என்றது. அம்மா நம்பவில்லை. "முப்பத்தொம்பதுன்னா ஜில்லுன்னு இல்ல இருக்கணும்?" அலமாரியிலிருந்து பழைய ஃபாரன்ஹீட் பாதரசத் தெர்மாமீட்டரை எடுத்து உதறி வைத்தாள். 102.4. அப்புறம்தான் செருப்பை மாட்டினாள்.

எனக்கு என்னவென்று தெரியும். குழந்தை பிறந்த ஆறாவது வாரம் ரெடிங்கில் ஒரு தடவை வந்ததுதான். பால் கட்டிக்கொண்டு, அழற்சியாகி, அதில் கிருமியும் சேர்ந்துகொண்டால் வருகிற மாஸ்டைட்டிஸ். எனக்கு வேண்டியது ஒரு டாக்டரின் ஐந்து நிமிடம், ஒரு மருந்துச் சீட்டு.

"மொபைல் நம்பர், மேடம்?"

சொன்னேன். திரையில் பத்துக் கட்டம்தான். +44 போட இடமில்லை. கவுண்டர் பெண் கெட்டிக்காரி, அதை விட்டுவிட்டு மீதியை அடித்தாள். பிரிட்டிஷ் நம்பரில் முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் 7-ல் தொடங்கும் சரியாகப் பத்து இலக்கம் மிஞ்சும். சிஸ்டத்துக்கு ஏக சந்தோஷம். "ஓடிபி ஆயா க்யா, மேடம்?" எனக்கு எங்கே வரும்? பாட்னாவிலோ பெல்காமிலோ அந்த நம்பரை வைத்திருக்கும் யாரோ ஒருவருக்குப் போயிருக்கும். அவர் இந்நேரம் சைபர் கிரைமுக்குப் புகார் கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்திய நம்பர்தான் வேண்டும் என்றாள். அம்மாவின் ஃபோன் வீட்டில் சார்ஜில். சரி, அப்பா நம்பரைக் கொடுத்தேன். ஓடிபி அவருக்குப் போனது. நான் அவரைக் கூப்பிட்டேன், என் ரோமிங் ஃபோனிலிருந்து.

இங்கேதான் கதையே. அப்பா முப்பத்தேழு வருஷம் பாங்கில் இருந்தவர். வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரு பெண் அவசரம் அவசரமாகக் கூப்பிட்டு "வந்த ஓடிபியைச் சொல்லுங்கோ" என்றால் அவர் என்ன செய்வார்? என்ன செய்யவேண்டும் என்று இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாரோ அதைத்தான் செய்தார். வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். "அப்பா, நான்தான்."

"குரலை இப்பல்லாம் மிஷின்லயே பண்றாளாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"அம்மா பக்கத்துல நிக்கறா. பேசச் சொல்றேன்."

"ரெண்டு குரல் பண்ண முடியாதா?"

குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அந்த அழுகைக்குப் பால் தானாகச் சுரந்து, கட்டியான இடத்தில் ஊசி ஊசியாகக் குத்துகிறது. எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில். அப்பா யோசித்து ஒரு பரீட்சை வைத்தார்: "நாம முலுண்ட்ல இருந்தப்போ பால்கனிக்கு வந்துண்டிருந்த பூனைக்கு என்ன பேர்?" 102 டிகிரியில் எனக்கு அந்தப் பூனையின் வால்தான் ஞாபகம் வந்தது. அம்மா ஃபோனைப் பிடுங்கி, "சுப்பி! சொல்லித் தொலைங்கோ!" என்று கத்தினாள். அந்தக் கத்தலை மிஷினால் பண்ண முடியாது என்று அப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொன்னார்.

"எக்ஸ்பயர் ஹோ கயா, மேடம்."

மறுபடி அனுப்பினாள். அதுவும் போயிற்று. மூன்று தடவை தவறினால் அரைமணி நேரம் சிஸ்டம் பூட்டிக்கொள்ளுமாம். காகிதத்தில் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். 'காகிதமா?' என்பது போல என்னைப் பார்த்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பேனாவே கொடுக்கவில்லை.

அந்த அரைமணியில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், தாய் சேய் படம் போட்ட அறையில் பூட்டு. சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டுத் திறக்க வைத்தால், உள்ளே கூரை வரை சலைன் பெட்டிகள். அப்போதுதான் துடைப்பத்தோடு வந்த ஒரு மாவ்ஷி (துப்புரவு வேலை செய்யும் அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), யாரையும் கேட்காமல் என் கையைப் பிடித்து ஈசிஜி அறை ஓரத்துக்குக் கூட்டிப்போய், திரையை இழுத்துவிட்டு, வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எட்டிப்பார்த்த ஒரு வார்ட்பாயை அவள் மராத்தியில் வைத வசவு எனக்கு அன்றைக்கு முதல் மருந்து. குழந்தை வலது பக்கம் வாய் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணினேன். எட்டு வரை உயிர் போகும், பத்தில் கொஞ்சம் விடும்.

அரைமணி முடியும் வரை இருக்கவில்லை, கிளம்பிவிட்டோம். டாக்சியில் அம்மா வாய் திறக்கவில்லை. (பழைய பத்மினி டாக்சிகள் 2023-லேயே ஓய்வு பெற்றுவிட்டன. அந்தத் தாராளமான பின்சீட்டில் சாய்ந்து பால் கொடுக்கலாம். இப்போதைய குட்டிக் கார்களில் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது.)

இது எப்படி வந்தது என்று அம்மா இன்றுவரை கண்ணேறு என்றுதான் சொல்கிறாள். எனக்குத் தெரிந்தது இது: ஒன்பது மணி நேர விமானம், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் தலைகீழான குழந்தையின் தூக்கம், அதோடு வருகிறவர் போகிறவர் எல்லாரும் மடிமாற்றி மடி அவனைக் கொஞ்சியது. "இரேன், பெரியம்மா இப்பதான் வாங்கிண்டிருக்கா" என்று இரண்டு வேளைப் பால் தள்ளிப்போனது. மார்பு கனத்தது. மறுநாள் கட்டி.

அப்போது வந்தாள் தாயி. குழந்தைக்கு மாலிஷ் செய்ய அம்மா ஏற்பாடு செய்திருந்தவள். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கை இருக்கிறதே, அதற்கு ரெடிங்கில் எத்தனை பவுண்டு கொடுத்தாலும் ஆள் கிடையாது. ஆனால் கட்டியைப் பார்த்ததும் அதே கையில் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டு, சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்துவிட்டாள். அம்மா பக்கத்தில் வெந்நீர்ப் பையோடு நின்றாள். இருவரும் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று இரவே காய்ச்சல்.

நடுவில் ஒரு இன்ப அதிர்ச்சியும் உண்டு. இரவு பதினொன்றரைக்கு ஃபோனில் தட்டினேன். பதினோரு நிமிடத்தில் ஒரு முட்டைக்கோசும் ஒரு பாக்கெட் ஐஸும் வாசலில். ரெடிங்கில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே பெரிய கடையை மூடிவிடுவான். ஃபிரிட்ஜில் வைத்த கோஸ் இலையை உள்ளே வைத்துக்கொண்டு படுத்தேன். சுகமாக இருந்தது, சாம்பார் வாசனையாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, எங்கள் தெருவிலேயே ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் டாக்டரம்மாவிடம் போனோம். நான் பள்ளிக்கூடம் போகும்போதே இருந்த கிளினிக். அதே மரப் பெஞ்சு, அதே டோக்கன், தகரத் தட்டில் அடித்த எண் 14. ஓடிபி இல்லை. நீள நோட்டில் பெயர், வயது, "யாரோட பொண்ணு" என்று எழுதிக்கொண்டார். இருபது நிமிடத்தில் உள்ளே.

பார்த்ததும் முதல் கேள்வி: "யாரு பிசைஞ்சா?"

அம்மா சீலிங் ஃபேனைப் பார்த்தாள்.

"வீங்கின எடத்தை அழுத்திப் பிசைஞ்சா வீக்கம்தான் ஏறும். வெந்நீர் வேண்டாம், ஐஸ் வை. காலி பண்றேன்னு பம்ப் போட்டு உறிஞ்சாதே, எடுக்க எடுக்க ஊறும். கொழந்தை கேக்கறப்போ குடு, அவ்வளவுதான்." வலிக்கும் வீக்கத்துக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு ஐபுப்ரோஃபென், கிருமிக்கு செஃபலெக்சின் 500, நாளைக்கு நாலு வேளை, 10 நாள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, கட்டி மெத்தென்று ஆனாலோ சீழ் சேர்ந்திருக்கலாம், அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுக்கவேண்டியிருக்கும் என்றார். ஃபீஸ் 500 ரூபாய். அன்று இரவு ஃபோனில் தேடினேன். தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பிசையாதே, ஐஸ் வை, அதிகமாகக் கறக்காதே என்றுதான் இருக்கிறது. மாட்டுங்கா முதல் மாடிக்கு அது எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

"அந்தப் பக்கத்துப் பாலைக் கொழந்தைக்குக் குடுக்கலாமா டாக்டர்? சீழ் போகாதோ?" இது அம்மா. எதிர்வீட்டு மாமி கிளப்பிவிட்ட பயம். "தாராளமா. அந்தக் கிருமி உங்க பொண்ணு தோல்லயும் கொழந்தை வாயிலயும் ஏற்கெனவே இருக்கறதுதான். திடீர்னு நிறுத்தினாத்தான் கட்டி பெரிசாகும்."

ஆனால் வெளியே வந்து மெடிக்கல் ஷாப்பில் சீட்டை நீட்டினால், கடைக்காரரும் அந்தப் பயத்தையேதான் தொடங்கினார். "இந்த மருந்து சாப்பிடும்போது தாய்ப்பால் வேண்டாம் மேடம்" என்று பவுடர் டின்னை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். அந்த டின்னிலேயே குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பால் பவுடர் விற்பனை பற்றிய 1992 சட்டப்படி போட்டாக வேண்டும். அதைக் காட்டினேன். டின் உள்ளே போயிற்று. "மூணு நாளைக்குத் தரட்டுமா?" என்று கத்தரிக்கோலை எடுத்தார். பட்டையில் 'டாக்டர் சீட்டில்லாமல் கூடாது' என்ற சிவப்புக் கோடு இருக்கிறது, முழுசாகச் சாப்பிடவேண்டிய மருந்து, நாற்பதும் கொடுங்கள் என்றேன். வெட்டாமல் நாலு பட்டை கொடுப்பது அவர் கைக்குப் பழக்கமில்லை போல. கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

ரெடிங்கில் சீட்டில்லாமல் இந்த மாத்திரையைத் தர மாட்டான், சீட்டிருந்தால் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை எனக்கு எல்லாம் இலவசம். ஆனால் அந்தச் சீட்டை வாங்குவதற்குள்? போன தடவை காலை எட்டு மணிக்குக் கிளினிக்குக்கு ஃபோன் போட்டேன், வரிசையில் 23-வது ஆள். சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் திருப்பிக் கூப்பிட்டு, என்னைப் பார்க்காமலே ஃப்ளூக்ளாக்சசிலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். அதுவரை ஒரு சர்ச் ஹாலில், முன்பின் தெரியாத ஒரு தன்னார்வலப் பாட்டி எதிரே உட்கார்ந்து, குழந்தை வாய் வைக்கும் கோணத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அங்கே ஆறுதல் உடனே, டாக்டர் தாமதம். இங்கே டாக்டர் இருபது நிமிடம், ஆறுதலுக்குப் பதில் ஆளுக்கொரு யோசனை.

யோசனைகளில் பாட்டியுடையது தனி. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னாள். அப்பா உடனே ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைக்குப் போய், டிசம்பர் விலை கொடுத்து மோக்ரா வாங்கிவந்துவிட்டார். மூடநம்பிக்கை என்று சிரிக்க முடியவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் இதை, பாலை வற்றவைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டே பார்த்து 1988-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பூவும் பாலைக் குறைக்கத்தான் செய்தது. ஆனால் எனக்குப் பால் வற்றக் கூடாதே, பாட்டி! பூ சுவாமி படத்துக்குப் போயிற்று.

மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கே முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில்தான் 1989-ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். பெற்றவளின் பால் கிடைக்காத எடை குறைந்த குழந்தைகளுக்காக, மற்றத் தாய்மார் கொடுக்கும் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு ஸ்டேஷன் இந்தப் பக்கம் என்னிடம் ஒரு நாளில் மூன்று பேர், "கெட்ட பால், பீச்சிக் கொட்டு" என்றார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கட்டி கரைய ஒரு வாரம் ஆயிற்று. தாயி தினமும் வந்தாள், குழந்தையோடு நிறுத்திக்கொண்டாள், என் பக்கம் வந்தால் அம்மா நடுவில் நின்றாள்.

நேற்று அப்பா கூப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நம்பருக்கு, 'உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று தினம் ஒரு செய்தி வருகிறதாம், கூடவே ஒரு லிங்க்.

"நீங்க என்ன போட்டேள்?" என்றேன்.

"லிங்க்கைத் தொடுவேனா நான்?"