50 கிலோ லிஃப்ட் பேக்: நங்கூரம் எடுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்

தூத்துக்குடிக் கடலில் படகுக்காரர்கள் தவறவிட்ட நங்கூரங்களை முக்குளித்து எடுத்துத் தருவது என் தொழில். கயிறு கட்டி மேலிருந்து இழுத்தால் பாறையிடுக்கில் இன்னும் இறுகும். லிஃப்ட் பேக் என்பது தண்ணீருக்கடியில் காற்றடைத்து, 50 கிலோ வரையுள்ள பொருளை மிதக்கவைத்துத் தூக்கும் பை. இது நேர்மேலே தூக்குகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். 25 கிலோ இரும்பு நங்கூரம் கடலுக்குள் சுமார் 22 கிலோதான். அடிப்பக்கம் திறந்த பை என்பதால் மேலே வர வர விரியும் காற்றில் மிஞ்சியது தானே வெளியேறிவிடும். 10 மீட்டரில் அடைத்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காகுமே! மூடிய பையாக இருந்து, உபரிக் காற்றை விடும் வால்வும் இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

துணியும் தையலும் உறுதி. குறை ஒன்று: காற்று இறக்கும் வால்வின் கயிறு குட்டை, அதுவும் கறுப்பு. கலங்கல் தண்ணீரில் தேட வேண்டியிருக்கிறது. நான் நீளமான மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன்.

சேற்றில் புதைந்ததென்றால் காற்றை அடைத்துக்கொண்டே போகாதீர்கள். பிடி விட்டதும் பை சீறிக்கொண்டு மேலே பாயும். முதலில் சுற்றித் தோண்டுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். பைக்கு நேர் மேலேயோ கீழேயோ ஒருபோதும் நிற்காதீர்கள்.