முற்கூட்டியே வாக்களிப்பதா, தேர்தல் நாள்வரை காத்திருப்பதா?

கனடாவின் 2025 கூட்டாட்சித் தேர்தலில் ஏறக்குறைய 73 லட்சம் பேர் ஏப்ரல் 18 முதல் 21 வரை முற்கூட்டியே வாக்களித்தார்கள். ஈஸ்டர் விடுமுறை, காலை 9 முதல் இரவு 9 வரை திறப்பு என வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே நிலையத்துக்குப் பல வாக்களிப்புப் பிரிவுகளின் வாக்காளர்கள் வருவதால் வரிசை நீளும்.

பெரிய குறை வேறு. தலைவர்களின் விவாதங்கள் 17ஆம் தேதியே முடிந்துவிட்டன. செலவுக் கணக்குடன் கூடிய முழுத் தேர்தல் அறிக்கையை லிபரல் கட்சி 19ஆம் தேதி வெளியிட்டது. கன்சர்வேட்டிவ் கட்சியோ 22ஆம் தேதி, முற்கூட்டிய வாக்களிப்பு முடிந்த மறுநாள்! போட்ட வாக்கை மாற்ற வழியில்லை. வரி, வீட்டுவசதிக் கணக்குகளைப் பார்த்து முடிவெடுப்பவர் தேர்தல் நாளான 28ஆம் தேதிவரை பொறுத்திருந்ததே சரி. கட்சியை ஏற்கெனவே தீர்மானித்தவருக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை.

தேர்தல் நாளுக்கு மட்டுமே உள்ள உரிமை ஒன்று: வாக்களிக்கத் தொடர்ச்சியாக 3 மணி நேரம் கிடைக்கும்படி வேலைகொடுப்பவர் ஊதியம் குறைக்காமல் விட வேண்டும். வாக்குச்சாவடி திறந்திருக்கும்போதே வேலை நேரத்துக்கு வெளியே அவ்வளவு நேரம் இருந்தால் இது பொருந்தாது.

அடையாள விதி இரண்டுக்கும் ஒன்றே. முகவரியுள்ள ஓட்டுநர் உரிமம் போதும். பாஸ்போர்ட்டை மட்டும் கொண்டுவந்தால் திரும்ப நேரலாம், முகவரியுள்ள மின்கட்டண ரசீது போன்ற இன்னொரு ஆவணமும் சேர்ந்திருக்க வேண்டும்.